பெருமுக்கல் உரைக்கும் பாடம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் உப்பளங்களை நோக்கிச் செல்லும் நம்மில் பெருமுக்கல் குன்றின்மீது ஏறிப் பார்த்தவர் சிலரே. எழுத்தறியாக் கால மனிதன் பாறையில் கீறிய உருவங்களும், சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கிய சிவன் கோயிலும், சிதைந்த கோட்டையும் அங்கே ஒருங்கே உள்ளன. ஆங்கிலேயர் ‘பெர்மாக்கோயில்’ என்றெழுதிய அக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1760இல் அயர் கூட் கைப்பற்றினார். 1782இல் ஐதர் அலியின் மைசூர்ப் படையும் பிரெஞ்சுப் படையும் இணைந்து அதனை வென்றன.

வாட்டர்லூப் போரை மனப்பாடம் செய்யும் நம் மாணவர்க்கு இச்செய்தி புதிதாக இருத்தல் முறையோ? குன்றை உடைத்தால் சல்லி கிடைக்கும். உடைந்த கீறலும் கல்வெட்டும் மீண்டும் கிடைக்குமா? கோயில் அவர்க்கு, கோட்டை இவர்க்கு எனப் பிரித்தல் தகாது. மலை முழுவதும் நமதே. தமிழ்த்துறை மாணவர் ஆண்டுக்கொருமுறையேனும் அங்குச் சென்று, கண்டதைப் படமெடுத்துப் பதிவுசெய்ய வேண்டுமென விழைகிறோம்.