சாவியைக் கொடுக்கும் முன் பில்லைப் பேசுங்கள்

ஹுன்சூர் சாலையிலும் ஹெப்பால் தொழிற்பேட்டையிலும் இருக்கிற கம்பெனி சர்வீஸ் நிலையங்களில் காலையில் வண்டியை விடுகிறவர்கள், ஜாப் கார்டில் எங்கே கையெழுத்து போட வேண்டும் என்று கேட்கிறார்கள். எந்தெந்த வேலைக்குக் கையெழுத்து போடுகிறோம் என்று கேட்பவர்கள் குறைவு. மாலையில் பில் கைக்கு வரும்போது பேச நேரமும் இல்லை, வழியும் இல்லை. வேலை முடிந்துவிட்டது, பணம் கட்டினால்தான் வண்டி வெளியே வரும்.

மைசூருவில் கார் வைத்திருக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் அண்மையில் தங்கள் பழைய சர்வீஸ் பில்களை ஒரே மேசையில் பரப்பி, ஒவ்வொரு வரியையும் காரோடு வந்த கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தன. அந்தக் குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து சக நகரவாசிகளுக்கு விடுக்கும் வேண்டுகோள் இது.

வெவ்வேறு கம்பெனிகளின் பில்கள்தான், ஆனாலும் சில வரிகள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வந்தன. இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், அண்டர்பாடி கோட்டிங், டயருக்கு நைட்ரஜன். இவற்றில் பெரும்பாலானவை அந்தந்தக் கார்களின் கையேட்டில், எத்தனை கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும் என்று சொல்லும் அட்டவணையில் இல்லவே இல்லை. காரைத் தயாரித்த பொறியாளர்கள் கேட்காத வேலையைச் சர்வீஸ் கவுன்டரில் இருப்பவர் கேட்கிறார் என்றால், ஏன் என்று விளக்கம் கேட்க வண்டிக்காரருக்கு முழு உரிமை உண்டு.

நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளலாம். நாம் மூச்சுவிடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். நகரத்துக்குள் ஓடும் குடும்பக் காருக்கு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை சாதாரணக் காற்றின் அழுத்தத்தைச் சரிபார்ப்பதே போதும். துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பகுதியில் பூசும் கோட்டிங்கும் அப்படித்தான். சென்னையிலோ மங்களூருவிலோ கடற்கரைக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவருக்கு அதில் நியாயம் இருக்கிறது. மைசூருவோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம், உப்புக்காற்று படாத ஊர். இங்கே புதுக் காருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து அதைப் பூசச் சொன்னால், எதற்காக என்று எழுதித் தரச் சொல்லலாம்.

செலவைக் குறைப்பது என்றால் வேலையைத் தவிர்ப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மைசூருக்காரர்கள் கூடலூர் வழியாக ஊட்டிக்கு ஏறுகிறார்கள். சாமராஜநகரிலிருந்து சத்தியமங்கலம் போக திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்த ஆயில், தொடர்ந்து பிரேக் மிதித்து இறங்கும்போது சூட்டில் ஆவியாகி, பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். அதனால்தான் பல கார்களின் கையேடு அதை இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்கிறது. பளபளப்புக்கான பாலிஷுக்குப் பணம் கொடுத்துவிட்டு, பிரேக் ஆயிலை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. குடும்பத்தோடு மலை ஏறுகிறவர்கள் அப்படிச் செய்யவே கூடாது.

பில் ஏன் இப்படி ஏறுகிறது என்பதற்கு அரசு ஆவணத்திலேயே பதில் இருக்கிறது. 2011-ல் தனி மனிதர் ஒருவர் ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் ஆகிய மூன்று நிறுவனங்கள்மீது இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். உதிரி பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள், அதனால் வாடிக்கையாளர் கம்பெனி சர்வீஸ் தவிர வேறு எங்கும் போக முடியவில்லை என்பது புகார். விசாரணை விரிந்து மற்ற நிறுவனங்களையும் தொட்டது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. டாட்டா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346 கோடி. மாருதி சுஸுகிக்கு 471 கோடி. மஹிந்திராவுக்கு 292 கோடி. சில பாகங்களில் அடக்க விலைக்கு மேல் 100 முதல் 5,000 சதவீதம் வரை கூட்டி விற்கப்பட்டதாக அந்த விசாரணையில் பதிவானது.

அபராதத் தொகையைவிட, அந்த உத்தரவில் இருந்த கட்டளைகள்தான் வண்டிக்காரருக்கு முக்கியம். பாகங்களும் கருவிகளும் வெளிச் சந்தையில் கிடைக்க வேண்டும். விலையை இணையதளத்தில் வெளியிட வேண்டும். வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் எந்தச் சேதம் வந்ததோ அதற்கு மட்டுமே வாரன்டியை மறுக்கலாம் என்றது ஆணையம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. டொயோட்டா, ஃபோர்டு, நிஸான் ஆகியவற்றின் மேல்முறையீட்டில் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்த தீர்ப்பாயம், அபராதத்தைக் குறைத்தாலும் நிறுவனங்கள் செய்தது தவறு என்ற முடிவை உறுதி செய்தது. வழக்குகள் அதன் பிறகும் ஓயவில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதே கேள்வி 2012 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்கே போனது. வாக்களித்தவர்களில் 85 சதவீதத்துக்கும் மேலானோர் வெளி மெக்கானிக்குகளுக்கும் பழுதுபார்ப்புத் தகவல் தரப்பட வேண்டும் என்றார்கள். இங்கே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று.

ஆனாலும் வாரன்டிப் புத்தகங்களில் இன்றும் கண்டிப்பான வாசகங்கள் இருக்கின்றன, அவற்றோடு மல்லுக்கட்ட எல்லாராலும் முடியாது. ஆகவே குழுவினரின் யோசனை இது: வாரன்டி உள்ளவரை அட்டவணைப்படியான சர்வீஸைக் கம்பெனியிலேயே, குறித்த தேதி அல்லது கிலோமீட்டருக்குள் செய்துவிட வேண்டும். கையேட்டில் உள்ளதைச் செய்யச் சொல்லி, மற்றவற்றை வேண்டாம் என்று ஜாப் கார்டிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். கையேடு கேட்காத ஃப்ளஷ்ஷை மறுப்பதால் வாரன்டி போகாது. யாராவது போகும் என்றால், அதைச் சர்வீஸ் நிலையத்தின் தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வாரன்டி முடிந்தபின் வெளி மெக்கானிக்கிடம் போகத் தயங்குவதற்கு மைசூருவில் காரணமே இல்லை. யாதவகிரியில் 1961-ல் தொடங்கிய ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. கம்பெனி போனது, டீலர் போனார், கம்பெனியின் புது உதிரி பாகம் வருவதும் நின்றது. அந்த ஜாவாவும் யெஸ்டியும் இன்றைக்கும் இந்த ஊர்த் தெருக்களில் ஓடுவதற்கு, சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்களில் அவற்றைக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்ட கைகள்தான் காரணம். கார்களில் இப்போது மின்னணு வேலை கூடிவிட்டது உண்மை. ஸ்கேனர் இல்லாத மெக்கானிக்கிடம் புதிய கார்களின் சென்சார் கோளாறுக்குப் போகக் கூடாது என்பதும் உண்மை. ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ் மாற்ற நல்ல வெளி ஒர்க்‌ஷாப் போதும். பில் தரும் ஒர்க்‌ஷாப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஏசி காற்று வரும் கேபின் ஃபில்டரைப் பல கார்களில் டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம்.

பில்லைப் படிக்கும் விதமும் ஒன்று உண்டு. இன்ஜினுக்கு எத்தனை லிட்டர் ஆயில் பிடிக்கும் என்பது கையேட்டில் அச்சாகியிருக்கிறது. பில்லில் அதைவிடக் கூடுதலாக இருந்தால் கேட்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாக் கார் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி ஒரே சீராக 18 சதவீதம். அதற்கு முன் பலவற்றுக்கு 28 சதவீதம் இருந்தது. பழைய விகிதம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கலாம். பாக்கெட்டில் உள்ள அதிகபட்ச சில்லறை விலையில் வரியும் அடக்கம். பாகத்தின் விலையும் வரியும் சேர்ந்து அதைத் தாண்டினால் அது சட்டமீறல். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி வண்டியை விடும்போதே சொல்லி எழுதிவைக்க வேண்டும். மாலையில் கேட்டால் அது குப்பைக்குப் போயிருக்கும்.

இதையெல்லாம் கேட்கும்போது எதிரே நிற்கும் சர்வீஸ் அட்வைசரிடம் குரலை உயர்த்த வேண்டாம் என்று குழுவினர் குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அவர் இருபதுகளில் இருக்கும் இளைஞர். இந்த மாதம் இத்தனை கோட்டிங், இத்தனை கிளீனிங் விற்றாக வேண்டும் என்று அவர் தலைமீது இலக்கு வைத்திருப்பவர் உள்ளே இருக்கிறார். “இது கையேட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது, காட்டுங்கள்” என்று மரியாதையாகக் கேட்டாலே பாதி வரிகள் எஸ்டிமேட்டிலிருந்து இறங்கிவிடுகின்றன.

இறங்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பெங்களூருவில் சர்வீஸ் செய்தவரும் மைசூருவில் புகார் கொடுக்க முடியும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஊரில் பல ஆண்டுகளாக இயங்கும் மைசூரு கிராஹகர பரிஷத் போன்ற நுகர்வோர் அமைப்புகளிடமும் ஆலோசனை கேட்கலாம்.

இத்தனைக்கும் அடிப்படை பில்தான். ஆகவே இந்நகரத்துக் கார் உரிமையாளர்கள் பழைய பில்களைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கும்படியும், பெயர், கைபேசி எண், வண்டி எண்ணை மறைத்து அவற்றின் நகலைத் தெரிந்த வண்டிக்காரர்களோடு பகிர்ந்துகொள்ளும்படியும் குழுவினர் கேட்கிறார்கள். ஒரே மாடல், ஒரே கிலோமீட்டர் சர்வீஸுக்கு இரண்டு நிலையங்கள் என்ன வாங்குகின்றன என்பது தெரிந்தால், அடுத்தவர் பேரம் பேச அதுவே போதுமானது. சர்வீஸ் நிலையங்களிடமும் அவர்களுக்கு ஒரு கோரிக்கை உண்டு: கையேட்டில் உள்ள வேலைகளின் பட்டியலையும், ஒவ்வொன்றின் லேபர் கட்டணத்தையும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரவேற்பறைச் சுவரில் எழுதி மாட்ட வேண்டும். அதைக் கேட்டு நகரின் ஒவ்வொரு நிலையத்துக்கும் கடிதம் கொடுக்க இருக்கிறார்கள். கையெழுத்திட விரும்புகிற எவரும் கையெழுத்திடலாம்.