பட்டியலில் இடம் யாருக்கு?

“எங்கள் இணையத்தளத்தைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள், நம்மவர் என்றாலே அவர்களுக்கு ஆகாது!” கடந்த கால் நூற்றாண்டாக நம் வணிகர்களும், சங்கச் செயலாளர்களும், நூல் வெளியிடும் அன்பர்களும் எழுப்பிவரும் இந்த முறையீட்டைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. முறையிடுவது எளிது, காரணத்தை ஆராய்வது அரிது. தொண்டர்கள் தொகுக்கும் பொது அடைவு ஒன்றில் இடம்பெறுவதற்குரிய தகுதி யாது, அத்தகுதி நம்மிடம் இருந்ததா என்று கேட்டுப் பாராமல், “ஓரவஞ்சனை” என்று கூக்குரலிடுவது கற்றோர்க்கு அழகாகுமா?

இணைய அடைவு என்பதை விளம்பரப் பலகை என்று எண்ணியதுதான் முதற்கோணல். அது நூலகத்தின் பெயர்ப்பட்டியல் போன்றது. தளங்களை மனிதர்கள் படித்துப் பார்த்து, இன்ன பொருளுக்கு இன்ன தளம் என வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரியில் விளக்கம் எழுதி வைப்பது. 1994இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களான ஜெர்ரி யாங், டேவிட் பைலோ இருவரும் தொடங்கிய யாகூ அடைவு இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. ஆயினும் அது ஒரு நிறுவனத்தின் உடைமை. பிற்காலத்தில் வணிகத் தளங்கள் அதில் இடம்பெற ஆண்டுக்கு 299 டாலர் கட்டணம் வாங்கியது. 1998 ஜூன் மாதத்தில் ரிச் ஸ்க்ரென்டா, பாப் ட்ரூயல் என்னும் பொறியாளர்கள் வேறொரு வழியைத் திறந்தனர். சம்பளம் பெறாத தொண்டர்களே அங்குத் தொகுப்பாசிரியர்கள். அவ்வாண்டு அக்டோபரில் நெட்ஸ்கேப் நிறுவனம் அதனை வாங்கி, “திறந்த அடைவுத் திட்டம்” என்று பெயர் சூட்டியது. “டிமாஸ்” என்று வழங்கப்பட்டது இதுவே.

அந்தப் பட்டியலை எவரும் விலையின்றி எடுத்தாளலாம். கூகுள் நிறுவனமே அதனை எடுத்து, 2000 முதல் 2011 வரை தன் அடைவாகக் காட்டியது. ஆகவே அதில் கிடைக்கும் ஒற்றை வரி, ஒரு தளத்தைப் பல வாயில்களில் அறிமுகம் செய்துவைத்தது. அந்த வரிக்கு ஒரு காசும் கட்டணமில்லை. 2017 மார்ச் 17ஆம் நாள் அது மூடப்பட்டபோது 90 மொழிகளில் 38 இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள் அதில் இருந்தன. தொடக்கம் முதல் அதில் பணியாற்றிய தொண்டர்களின் தொகை 90 ஆயிரத்தைத் தாண்டியது.

இனி, அந்தத் தொண்டர்கள் எதைக் கேட்டனர், எதை மறுத்தனர் என்று பார்ப்போம். பிற தளங்களில் இல்லாத சொந்தச் செய்தி இருக்க வேண்டும். ஒரே சரக்கை நான்கு முகவரிகளில் வைத்து நான்கு தளம் என்று காட்டலாகாது. “விரைவில் வெளிவரும்” என்று பலகை தொங்கும் அரைகுறைத் தளம் ஆகாது. பிறர் கடைக்கு ஆள் பிடித்துத் தரகு வாங்குவதையன்றி வேறு பயனில்லாத தளம் ஆகாது. பொருத்தமான ஒரு பிரிவைத் தேர்ந்து, ஒருமுறை விண்ணப்பித்தால் போதும். தளத்தின் பெயர் எதுவோ அதுவே தலைப்பு. விளக்கத்தில் புகழுரை கூடாது. தளத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். தமிழில் உள்ள தளம் தமிழ்ப் பிரிவுக்குச் செல்லும். ஓர் ஊரைச் சார்ந்த நிறுவனம் அவ்வூர்ப் பிரிவுக்குச் செல்லும். இவற்றுள் எந்த விதி ஒரு சமயத்தாரை விலக்குகிறது? எந்த விதி ஒரு மொழியினரைத் தள்ளுகிறது? நேர்மையாளர் எவரும் கைகாட்ட இயலாது.

நான் வாழும் தென்னேரியின் தொழிலையே உரைகல்லாகக் கொள்வோம். இவ்வூர்ப் பேரேரியின் பழம்பெயர் திரையனேரி என்பர். ஏரிப் பாசனத்தோடு காஞ்சிப் பட்டும் இவ்வட்டாரத்துக்குச் சோறிடுகிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் பட்டு விற்கும் தளங்கள் பலவற்றைத் திறந்து பாருங்கள். “உலகப் புகழ்பெற்றது”, “தலைசிறந்தது”, “பாரம்பரியம் மிக்கது” என்னும் மூன்று அடைமொழிகளே எங்கும் திரும்பத் திரும்ப வரும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து ஒட்டியிருப்பார்; படத்தையும் சேர்த்தே எடுத்திருப்பார். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோர்வை போட்டு இணைப்பது எப்படி, அதற்குத் தறியில் எத்தனை பேர் அமர வேண்டும், முந்தானையை உடலோடு பிணைப்பது எவ்வாறு, சரிகையில் வெள்ளி எவ்வளவு, பொன் எவ்வளவு, இந்தச் சேலையை நெய்ய எத்தனை நாள் சென்றது என்பவற்றை நெசவாளி அறிவார். அவர் வாயிலிருந்து கேட்டு எழுத ஆளில்லை. சொல்ல வேண்டிய செய்தி தறிக்குழியிலேயே தங்கிவிட்டது. சொல்லத் தேவையில்லாத புகழுரை கடல் கடந்து சென்றது. அப்புகழுரையைக் கண்டு ஒரு தொகுப்பாசிரியர், “இதில் புதிதாக ஒன்றுமில்லை” என்று ஒதுக்கினால் அது வஞ்சனையா? கோர்வை இல்லாத சேலையைக் கோர்வைச் சேலை என்று கொண்டுவந்தால் நாமே வாங்குவோமா?

“எல்லாம் சரி, தகுதியிருந்தும் ஆண்டுக்கணக்கில் பதில் வராமல் காத்திருந்தோமே!” என்பார் சிலர். இக்குறை மெய்யானது, மறைக்க வேண்டியதில்லை. விண்ணப்பித்தவருக்கு ஏற்பா மறுப்பா என்று ஒரு வரி எழுதும் கடமை அந்த அடைவில் இல்லாதிருந்தது பெருங்குறையே. தம் தளத்துக்கு இடங்கொடுத்துப் போட்டியாளரைத் தடுத்த தொகுப்பாசிரியர்களும் உண்டு என்ற பழி உலகெங்கும் எழுந்தது. கையூட்டு வாங்கியவர் நீக்கப்படுவர் என்ற விதி இருந்தும் ஐயம் தீரவில்லை. 2006இன் இறுதியில் இயந்திரக் கோளாற்றால் தொகுப்புப் பணியே வாரக்கணக்கில் நின்றுபோனதும் உண்டு. ஆனால் இங்கே நாம் கேட்க வேண்டிய வினா வேறு. தமிழ்ப் பிரிவில் விண்ணப்பங்களைப் படிக்க வேண்டியவர் யார்? தமிழ் தெரியாத அமெரிக்கரா?

தொகுப்பாசிரியராவதற்குப் பட்டம் தேவையில்லை, பணம் தேவையில்லை. ஒரு சிறு பிரிவைத் தேர்ந்து, அதில் சேர்க்கத்தக்க இரண்டு மூன்று தளங்களுக்குத் தலைப்பும் விளக்கமும் எழுதிக் காட்டி, தமக்கு எந்தத் தளத்தோடு தொடர்புண்டு என்பதை ஒளிக்காமல் சொன்னால் போதும். அந்தப் பலகையில் அமர நம்மில் எத்தனை பேர் முன்வந்தோம்? இடங்கேட்டு வரிசையில் நின்றவர் பலர். வரிசையை ஒழுங்குசெய்ய வந்தவர் மிகச் சிலர். காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்து, “நீதி கிடைக்கவில்லை” என்று அழுவதில் என்ன நீதி இருக்கிறது?

இன்னொரு தடையும் நம் பக்கத்திலேயே இருந்தது. அக்காலத்துத் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்துருவில் இருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு தரப்பாடு வகுத்த பின்னரும் குழப்பம் உடனே தீரவில்லை. ஒருங்குறியைத் தமிழக அரசு முறையாக ஏற்றது 2010இல்தான். எழுத்துருவைத் தனியே இறக்கிப் பொருத்தினாலொழியப் பக்கம் முழுதும் புரியாத கோடுகளாகத் தெரியும். படிக்கவே முடியாத பக்கத்தை எவர் மதிப்பிடுவார்? இதிலும் வழி கண்டவர்கள் தொண்டர்களே. டிமாஸ் தோன்றிய அதே 1998இல், பொங்கல் நாளில், தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றத் தொடங்கிய மதுரைத் திட்டம் சம்பளமில்லாத கைகளால் வளர்ந்தது. ஈழத்தமிழ் ஏடுகளைக் காக்கும் நூலகத் திட்டம் 2005இல் அவ்வாறே எழுந்தது. குறை கூறி நின்றவர்கள் அவற்றைக் கட்டவில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் இடைத்தரகர் புகுந்தார். “ஆயிரம் அடைவுகளில் உங்கள் தளத்தைச் சேர்ப்போம், இத்தனை ஆயிரம் ரூபாய்” என்று அவர் வந்து நின்றபோது, கட்டணமே இல்லாத வாயிலுக்கு நம் வணிகர் கட்டணம் செலுத்தினர். ஒருமுறை அனுப்ப வேண்டியதை அவர் நூறுமுறை அனுப்பினார். பொருந்தாத பிரிவுகளிலெல்லாம் திணித்தார். விளைவு? உண்மையான விண்ணப்பங்கள் குப்பையின் அடியில் புதைந்தன. தாமதத்துக்குக் காரணம் தேடுவோர் இந்தக் குப்பையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கூலி கொடுத்து அதைக் கொட்டச் செய்தவர்களும் நம்முள் இருக்கிறார்கள்.

அடைவு தொகுப்பது நமக்குப் புதிய கலையும் அன்று. பக்தாதில் நூல் படியெடுத்து விற்ற இப்னுந் நதீம், ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987இல், “அல்பிஹ்ரிஸ்த்” என்னும் பெரும் பட்டியலைத் தொகுத்தார். பத்துப் பகுதிகளில் அமைந்த அந்நூலில் இலக்கணமும் கவிதையும் மருத்துவமும் உண்டு. தம் கொள்கைக்கு மாறான சமயத்தார், இந்திய நாட்டுச் சமயங்கள் ஆகியவை பற்றிய செய்தியும் உண்டு. தமக்குப் பிடிக்காததை அவர் பட்டியலிலிருந்து அழித்துவிடவில்லை. அவர் குறித்த நூல்களுள் பல இன்று அழிந்துவிட்டன. பெயரேனும் எஞ்சியிருப்பது அவர் எழுதிவைத்த வரியால்தான். நம் காலத்தில் இலங்கையின் ம.மு. உவைஸ், தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினைத் தேடித் திரட்டி 1953இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். நம் காப்பியங்களையும் கிஸ்ஸாக்களையும் மசலாக்களையும் பிறர் கவனிக்கவில்லை என்று அவர் புலம்பி அமரவில்லை; தேடினார், படித்தார், எழுதினார். அந்த மரபில் வந்தவர்கள், ஒரு சிறு பிரிவைத் தொகுக்கவும் ஆளின்றி நின்றோம் என்றால் அதை எவர் மீது சுமத்துவது?

“டிமாஸே மறைந்துவிட்டது, இனித் தேடுபொறி இருக்க, அடைவு எதற்கு?” என்பது இறுதி வாதம். யாகூ அடைவு 2014இன் இறுதியிலும் டிமாஸ் 2017இலும் மூடப்பட்டன என்பது உண்மை. ஆனால் “கர்லீ” என்னும் பெயரில் தொண்டர்கள் அப்பணியைத் தொடர்கின்றனர். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளோடு வளர்ந்திருக்கிறது. அங்கும் அதே விதிதான்: புகழுரை ஆகாது, சான்று வேண்டும், தன்னைப்பற்றித் தானே எழுதுவது தகாது. அங்கும் அதே முறையீடு எழுகிறது; அங்கும் நம் நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. தேடுபொறி விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவரை மேலே நிறுத்துகிறது. இன்று வினாக்களுக்கு விடை சொல்லும் செயற்கை அறிவுப் பொறிகளோ, மனிதர் எழுதிவைத்ததைக் கற்றே பேசுகின்றன. நாம் எழுதி வைக்காததை அவை எங்கிருந்து கற்கும்? கோர்வைத் தறியின் நுட்பத்தையும், அரபுத் தமிழ் ஏடுகளின் இருப்பையும், நம் ஊர் மதரஸாக்களின் வரலாற்றையும் அறிந்தவர் எழுதாவிட்டால், அறியாதவர் எழுதியதே நாளை உண்மையாகிவிடும்.

ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் கணினி அறிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பழஞ்செய்தி அறிந்த பாட்டனாரும் பாட்டியாரும் இருக்கிறார்கள். இருவரையும் ஓரிடத்தில் அமர்த்துங்கள். பாட்டனார் சொல்லட்டும், பேரன் எழுதட்டும். குடும்பத் தொழிலுக்குத் தளம் அமைத்தால் அதில் அடைமொழியைக் குறைத்து, அறிந்த செய்தியை நிறையுங்கள். தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். எங்கே விண்ணப்பிக்கிறீர்களோ அங்குள்ள விதிகளை முதலில் படியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரத்தில் ஒரு மணி நேரமேனும் பிறர் எழுதியதைப் படித்துச் சரிபார்க்கும் தொண்டினை ஏற்றுக்கொள்ளுங்கள். தொகுப்பாசிரியர் பணி ஓர் அமானிதம். உறவினர் தளம் என்பதற்காக ஒன்றைச் சேர்ப்பதும், பகைவர் தளம் என்பதற்காக ஒன்றை விலக்குவதும் அந்த அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். வாயிலில் நிற்பவரை வைதே காலம் கழித்தோம். இனி நாமே வாயிலில் அமர்ந்து, வருவோரை நேர்மையோடு வரவேற்கக் கற்போம்.