பழைய காருக்கு விடை கொடுப்பது எப்போது? வயதா, தகுதியா?

- நமது நாடாளுமன்ற நிருபர் -

புதுதில்லி:

பதினைந்து ஆண்டுகளை நெருங்கும் காரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பது ஒரு காலத்தில் வீட்டு வரவு-செலவைப் பார்த்து முடிவு செய்யும் விஷயமாக இருந்தது. இன்று அந்த முடிவில் மத்திய அரசு, மாநில அரசு, நீதிமன்றம் ஆகிய மூன்றுக்கும் பங்கு வந்துவிட்டது. தில்லியில் தொடங்கிய இந்தச் சர்ச்சை இப்போது மும்பையையும் எட்டியுள்ளது. மாதுங்கா, செம்பூர், தாராவி பகுதிகளில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

2025 ஜனவரியில் மும்பையின் காற்று மாசு குறித்துத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில், பெட்ரோல், டீசல் வாகனங்களைப் படிப்படியாக விலக்குவது சாத்தியமா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மும்பை உயர் நீதிமன்றம் மகாராஷ்டிர அரசுக்கு உத்தரவிட்டது. அதே மாதத்தில் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி சுதிர்குமார் ஸ்ரீவாஸ்தவா தலைமையில் ஏழு பேர் கொண்ட குழுவை மாநில அரசு அமைத்தது. மூன்று மாதங்களில் அறிக்கை தர வேண்டும் என்று காலக்கெடுவும் விதிக்கப்பட்டது.

குழு அமைப்பது வேறு, தடை விதிப்பது வேறு. ஆனால், ஏழெட்டு லட்சம் ரூபாயைக் காரில் முடக்குவதா என்று யோசிக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு போதிய ஆறுதலைத் தருவதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 41-வது பிரிவின்படி, சொந்த உபயோக வாகனத்தின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வாகனத்தைப் பரிசோதித்து, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். அதாவது, 15 ஆண்டு என்பது வாகனத்தின் ஆயுள் அல்ல. பதிவுச் சான்றின் ஆயுள் மட்டுமே. வாகனங்களுக்கு வயது வரம்பு நிர்ணயிக்கும் அதிகாரத்தை அதே சட்டத்தின் 59-வது பிரிவு மத்திய அரசுக்கு வழங்கியுள்ளது. எனினும், நாடு முழுவதற்கும் பொதுவான வயது வரம்பைச் சொந்தக் கார்களுக்கு மத்திய அரசு கொண்டுவரவில்லை.

2021 மார்ச் 18-ம் தேதி மக்களவையில் வாகன அழிப்புக் கொள்கையை அறிவித்த மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியும் தகுதிக்கே முதலிடம் கொடுத்தார். சொந்த வாகனம் 20 ஆண்டுக்குப் பின் தகுதிச் சோதனையில் தேறாவிட்டாலோ, பதிவு புதுப்பிக்கப்படாவிட்டாலோ மட்டுமே பதிவு ரத்தாகும் என்பது அக்கொள்கையின் சாரம். அரசு வாகனங்களுக்குத்தான் கறாரான வரம்பு விதிக்கப்பட்டது. 15 ஆண்டுகளைத் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது.

தடைக்குப் பதிலாக, கட்டணத்தின் மூலம் நெருக்குவதே மத்திய அரசின் வழியாக உள்ளது. 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு ரூ.600 வசூலிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் முதல் இது ரூ.5,000 ஆனது. 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10,000 ஆக உயர்த்தப்பட்டது. மகாராஷ்டிரத்தில் பழைய வாகனங்களுக்குச் சுற்றுச்சூழல் வரியும் உண்டு.

தில்லி தரும் பாடம்

தலைநகரில் நிலைமை வேறு. 15 ஆண்டைத் தாண்டிய வாகனங்கள் ஓடக்கூடாது என்று 2014 நவம்பரிலும், 10 ஆண்டைத் தாண்டிய டீசல் வாகனங்கள் கூடாது என்று 2015 ஏப்ரலிலும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை வழிமொழிந்தது.

2025 ஜூலை 1 முதல் இத்தகைய வாகனங்களுக்குத் தில்லி பெட்ரோல் நிலையங்களில் எரிபொருள் மறுக்கப்பட்டது. பொதுமக்களின் எதிர்ப்பால் சில நாள்களிலேயே இத்திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12-ம் தேதி, வயதை மட்டும் காரணமாக்கி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. டிசம்பர் 17-ம் தேதி அதே உத்தரவு திருத்தப்பட்டது. பி.எஸ்.-4 மற்றும் அதற்குப் பிந்தைய தரத்தில் உள்ள வாகனங்களுக்கு மட்டுமே பாதுகாப்பு என்றும், அதற்கும் பழைய தரத்து வாகனங்கள் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்றும் கூறப்பட்டது.

ஓராண்டுக்குள் தடை, நிறுத்தம், பாதுகாப்பு, பாதிப் பாதுகாப்பு என நான்கு நிலைகள் மாறின. தடை வரும் என்று அஞ்சி, நல்ல நிலையில் இருந்த காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவருக்கு எந்த நீதிமன்றமும் இழப்பீடு தரப்போவதில்லை. பதிவுக் கட்டண உயர்வைவிட, விதி எப்போது மாறும் என்று தெரியாத நிலையே குடும்பங்களுக்குப் பெரும் செலவை வைக்கிறது.

இதில் மும்பைவாசிகள் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உள்ளது. காரின் வயதைவிட அதன் புகைத் தரமே இனி முக்கியத்துவம் பெறும் என்பதை டிசம்பர் உத்தரவு உணர்த்துகிறது. பி.எஸ்.-4 தரம் மும்பை, சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் 2010 ஏப்ரலிலேயே அமலுக்கு வந்தது. நாடு முழுவதும் அமலானது 2017 ஏப்ரலில்தான். எனவே, 2012-ல் மும்பையில் பதிவான காரும், அதே ஆண்டில் திருநெல்வேலியில் பதிவான காரும் ஒரே வயதுடையவை என்றாலும் ஒரே தரத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சொந்த ஊரில் மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய காரை வாங்கி மும்பைக்குக் கொண்டுவர நினைப்பவர்கள், பதிவுச் சான்றில் குறிப்பிட்டுள்ள தரத்தை முதலில் பார்ப்பது நல்லது.

கணக்கு என்ன சொல்கிறது?

விதிகளை ஒதுக்கிவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தால், பழைய காருக்குச் சாதகமான வாதம் வலுவாகவே உள்ளது. ரூ.7 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ ரூ.14,500. ஐந்தாண்டில் செலுத்தும் வட்டி மட்டும் சுமார் ரூ.1.7 லட்சம். காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றிவரும் தேய்மான அட்டவணைப்படி ஐந்தாம் ஆண்டில் காரின் மதிப்பு பாதியாகிவிடும். அதாவது மேலும் ரூ.3.5 லட்சம் கரைகிறது. இரண்டையும் சேர்த்தால், புதிய கார் வாசலில் நிற்பதற்கே ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குச் சற்று அதிகமாகச் செலவாகிறது.

இதற்கு ஈடாக எரிபொருளில் மிச்சமாவது எவ்வளவு? பழைய கார் லிட்டருக்கு 14 கி.மீ., புதிய கார் 20 கி.மீ. தருவதாகவும், பெட்ரோல் லிட்டர் ரூ.100 என்றும் வைத்துக்கொள்வோம். கோயில், திருமணம், மருத்துவமனை என ஆண்டுக்கு 5,000 கி.மீ. மட்டும் ஓடும் காரில் மிச்சம் சுமார் ரூ.10,700. அத்தகைய குடும்பம் பழைய காரின் பழுதுபார்ப்புக்கு ஆண்டுக்கு ரூ.50 ஆயிரம் செலவிட்டாலும், அதை வைத்துக்கொள்வதே லாபம்.

ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓடும் காராக இருந்தால் கணக்கு மாறுகிறது. எரிபொருள் மிச்சம் சுமார் ரூ.43 ஆயிரமாக உயரும். அவ்வளவு தூரம் ஓடும் பழைய காரில் கிளட்ச், சஸ்பென்ஷன், ஏ.சி. என்று செலவு அடுத்தடுத்து வரும். புதிய கார் சி.என்.ஜி.யில் ஓடுவதானால் மிச்சம் மேலும் கூடும். தினமும் செம்பூரிலிருந்து நவி மும்பைக்குச் சென்று வருபவரும், மாதுங்காவில் ஞாயிறுதோறும் காரைத் துடைத்து வைப்பவரும் ஒரே அளவுகோலைப் பின்பற்ற முடியாது.

வரி விகிதமும் வாங்கும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கும், 350 சி.சி. வரையிலான இருசக்கர வாகனங்களுக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புதிய வாகனம் மலிவாகும்போது பழைய வாகனத்தின் விலையும் இறங்கும். பழையதை விற்றுப் புதியது வாங்குபவர், ஒரு பக்கக் குறைப்பை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளக்கூடாது.

பணத்தில் அடங்காதவை

கணக்கு முழுவதையும் புரட்டிப் போடும் அம்சம் பாதுகாப்பு. முன் இருக்கைகள் இரண்டுக்கும் காற்றுப்பை என்பது புதிய கார்கள் அனைத்திலும் கட்டாயமானது 2022 ஜனவரி முதல்தான். சறுக்காமல் நிற்க உதவும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரலில் கட்டாயமானது. அதற்கு முந்தைய குறைந்த விலைக் கார்கள் பலவற்றில் இவை இரண்டும் இல்லை. குழந்தைகளையும் முதியவர்களையும் ஏற்றிக்கொண்டு கோடை விடுமுறையில் நெடுஞ்சாலை வழியே தமிழகம் வரை காரில் செல்லும் குடும்பம், இதை எரிபொருள் செலவோடு சேர்த்து எடைபோட முடியாது.

மும்பைக்கே உரிய மற்றொரு பிரச்னை துரு. கடற்காற்றும் நான்கு மாத மழையும், வெட்டவெளியில் நிற்கும் காரின் அடிச்சட்டத்தை அரித்துவிடும். இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்யலாம். அரித்துப்போன அடிச்சட்டத்தைச் சரிசெய்வது பெரும்பாலும் வீண் செலவே. காரை உயர்த்தி அடிப்பாகத்தைப் பார்த்த பிறகே, பதிவைப் புதுப்பிப்பதா என்று முடிவெடுப்பது புத்திசாலித்தனம்.

எரிபொருளும் மாறியுள்ளது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால், எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டு 10 சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதம் குறையக்கூடும் என்று நீதி ஆயோக் வெளியிட்ட 2021-ம் ஆண்டு அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. பழைய கார்களில் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் உரிய காலத்தில் மாற்றுவது அவசியமாகிறது.

ஊக்கத்தொகை போதுமா?

அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் காரை ஒப்படைத்தால், புதிய காருக்கான சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை அளிக்கலாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குக் கூறியுள்ளது. இரும்பு மதிப்பாக, புதிய காரின் காட்சியக விலையில் 4 முதல் 6 சதவீதம் கிடைக்கும் என்றும், தயாரிப்பாளர்கள் 5 சதவீதம் தள்ளுபடி தரலாம் என்றும் 2021-ல் எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் 2024 ஆகஸ்டில் கார் நிறுவனங்கள் பல முன்வந்து அறிவித்த தள்ளுபடி 1.5 சதவீதம் அல்லது ரூ.20 ஆயிரம், இதில் எது குறைவோ அது. அரசின் எதிர்பார்ப்புக்கும் தொழில்துறையின் மனதுக்கும் உள்ள இடைவெளியை இது காட்டுகிறது.

இதனால்தான் பலர் காயலான் கடையை நாடுகின்றனர். இதில் ஆபத்து உண்டு. பதிவை ரத்து செய்யாமலோ, பெயர் மாற்றாமலோ கொடுத்த கார் எங்காவது விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. வாகனம் உடைக்கப்பட்டால் 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம்.

மும்பை டாக்ஸிகளின் அனுபவம்

வயது வரம்பு ஒரு தொழிலை எப்படி மாற்றும் என்பதற்கு மும்பையே சாட்சி. குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி, பல பத்தாண்டுகள் நகரின் கறுப்பு-மஞ்சள் டாக்ஸியாக ஓடியது. டாக்ஸிகளுக்கு 20 ஆண்டு வரம்பு இருப்பதால், 2003 அக்டோபர் 29-ல் தார்தேவ் அலுவலகத்தில் பதிவான கடைசி பத்மினியின் காலம் 2023 அக்டோபருடன் முடிந்தது. அந்த வரம்பு முன்கூட்டியே தெரிந்திருந்தது. எந்த ஆண்டில் அடுத்த வண்டிக்குக் கடன் வாங்க வேண்டும் என்று டாக்ஸி உரிமையாளரால் திட்டமிட முடிந்தது. சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு அந்தத் தெளிவுகூட இன்று இல்லை.

மாற்றுப் போக்குவரத்தும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. தாராவிக்கு 2025 மே மாதம் மெட்ரோ ரயில் வந்தது. செம்பூரிலோ 2014-ல் தொடங்கிய மோனோ ரயில், 2025 செப்டம்பரில் சீரமைப்புக்காக நிறுத்தப்பட்டது. மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். மாநிலத்தில் அடல் சேது போன்ற சாலைகளில் சுங்க விலக்கும் அளிக்கப்பட்டுள்ளது. ஆனால், நிறுத்த இடமில்லாத தெருவில் வசிப்பவர் அதை எங்கே சார்ஜ் செய்வார்? நிறுத்துமிடச் சான்று இல்லாவிட்டால் புதிய கார் பதிவு செய்யப்படாது என்று மாநிலப் போக்குவரத்து அமைச்சர் பிரதாப் சர்நாயக் 2025 மே மாதம் கூறியது நடைமுறைக்கு வந்தால், பழைய காரைக் கைவிடும் குடும்பம் புதியது வாங்க முடியாமலே போகலாம்.

இனி என்ன?

காற்று மாசு உண்மையான பிரச்னை. அதைச் சுவாசிப்பவர்களில் கார் இல்லாதவர்களே அதிகம் என்பதையும் மறந்துவிடலாகாது. எனவே பழைய வாகனங்களை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று யாரும் வாதிட முடியாது. ஆனால், நன்கு பராமரிக்கப்பட்ட 16 ஆண்டு பெட்ரோல் காரையும், கரும்புகை கக்கும் 8 ஆண்டு டீசல் வாகனத்தையும் ஆண்டுக் கணக்கால் மட்டும் பிரிப்பது நியாயமாகாது. நம்பகமான தகுதிச் சோதனை, குறைந்தது ஐந்தாண்டு முன்னறிவிப்பு, ஒப்படைப்பவருக்கு உருப்படியான ஊக்கத்தொகை ஆகிய மூன்றும் இருந்தால் எதிர்ப்பு பெருமளவு குறையும்.

59-வது பிரிவின் அதிகாரத்தைப் பயன்படுத்துவதா, வேண்டாமா என்பதை மத்திய அரசு நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக அறிவிப்பதே முறை. அதுவரை, காரின் அடிச்சட்டம் உறுதியாகவும், புகைத் தரம் பி.எஸ்.-4 அல்லது அதற்கு மேலாகவும், ஓட்டம் குறைவாகவும் இருந்தால் அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. இம்மூன்றில் இரண்டு பொய்த்துவிட்டால், பதிவுச் சான்று முடியும் தேதி வரை காத்திருக்கவும் தேவையில்லை.