சில்லியைத் தாண்டாத காலிஃபிளவர்

சென்ற தை மாதம் ஓர் உழவர் சந்தையில், காலிஃபிளவர் விற்றுக்கொண்டிருந்த விவசாயியின் கடை அருகே அரை மணி நேரம் நின்றிருந்தேன். நல்ல வெள்ளைப் பூக்கள். ‘பூ இருபது ரூபாதாம்மா, எடுத்துக்குங்க’ என்றார். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த அம்மா, ‘பிள்ளைங்க சில்லி போடச் சொல்லுவாங்க. எண்ணெய் விக்கிற விலைக்கு யாரு போடறது?’ என்று வைத்துவிட்டுக் கத்தரிக்காய் பக்கம் நகர்ந்தார். விவசாயிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சந்தை கலையும் நேரத்தில் அதே பூ பத்து ரூபாய்க்குப் போனது.

‘உங்க வீட்டில எப்படிச் சமைப்பீங்க?’ என்று அவரிடம் கேட்டேன். ‘தண்டைப் போட்டு சாம்பார் வைப்பாங்க, பூவைப் பாசிப்பருப்போட கூட்டு வைப்பாங்க’ என்றார். அதை அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்றதற்கு, ‘அவங்க கேக்கலீங்களே’ என்றார்.

விலை விழும்போதெல்லாம் வரத்து, கமிஷன், வெளிமாநில லாரி என்று பேசுகிறோம். எல்லாம் உண்மைதான். ஆனால் நம் வீட்டு அடுப்படியில் இந்தக் காய்க்கு இடமே சரியாகக் கிடைக்கவில்லை என்பதை யாரும் பேசுவதில்லை. வெங்காயம் போல வைத்திருந்து விற்கும் பயிரல்ல இது. சமவெளி வெயிலில் அறுவடைப் பக்குவம் சில நாள்தான். தவறினால் பூ விரிந்து, நிறம் மாறி, எடுக்க ஆளில்லாமல் மாட்டுக்குப் போகும். பூ வந்த வாரமே வீடுகளில் சமைத்தாக வேண்டும்.

காலிஃபிளவர் இந்தியாவுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆகின்றன. 1822-ல் இங்கிலாந்திலிருந்து விதை வந்து சகரன்பூரில் பயிரானதாகச் சொல்வார்கள். வடக்கே அதை வீட்டுக் காயாக்கிக்கொண்டார்கள். பஞ்சாபில் உருளைக்கிழங்குடன் பிரட்டுவார்கள், துருவி ரொட்டிக்குள் வைப்பார்கள், கேரட், டர்னிப்புடன் கடுகும் வெல்லமும் சேர்த்து ஊறுகாய் போடுவார்கள். வங்காளத்தில் குளிர்காலம் வந்தால் மீன் குழம்பில் இருக்கும், சமோசாவுக்குள்ளும் இருக்கும். நம் ஊரிலோ அது ஓட்டல் வாசலிலும் தள்ளுவண்டியிலும் நின்றுவிட்டது. அந்தத் தள்ளுவண்டிப் பண்டத்தின் சிவப்புக்கும் சிக்கல் வந்தது. கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமி சேர்க்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் கர்நாடக அரசு தடை போட்டது. குற்றம் நிறமியுடையது. ஆனாலும் வாங்குபவர் மனதில் கெட்ட பெயர் காய்க்கும் சேர்ந்தே விழுகிறது.

வீட்டில் செய்வது எளிது. பூவைச் சிறிதாகப் பிரித்து, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் விட்டு வடித்தால் உள்ளே இருக்கும் புழு வெளியே வந்துவிடும். அதற்கு மேல் வேகவிடக் கூடாது. அதிகம் வெந்தால் குழைவதோடு கந்தக வாடையும் அடிக்கும். ‘எங்களுக்கு இந்த வாடையே பிடிக்காது’ என்பவர்கள் பலர் வெகுநேரம் வேகவைத்துச் சாப்பிட்டவர்கள்தான். வடித்த பூவைக் கடுகு, உளுத்தம்பருப்பு, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்த வாணலியில் தண்ணீர் தெளிக்காமல் வதக்கி, இறக்கும்போது தேங்காய்த் துருவல் போட்டால் பொரியல். தேங்காய்க்குப் பதில் மிளகும் சீரகமும் பொடித்துத் தூவினால் சாதத்துக்கு வறுவல். துருவி, முட்டை ஊற்றிக் கிளறினால் பொடிமாஸ். முட்டை வேண்டாம் என்பவர்கள் அடை மாவில் சேர்க்கலாம். எதற்கும் இரண்டு மூன்று கரண்டி எண்ணெய்க்கு மேல் ஆகாது.

தண்டைக் குப்பையில் போடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். நூல்கோலும் காலிஃபிளவரும் தாவரவியலில் ஒரே இனம். தோல் சீவிய தண்டு சாம்பாரில் நூல்கோல் போலவே இருக்கும். லேசாக மஞ்சளித்த பூவையும் ஒதுக்குகிறார்கள். இலையைச் சேர்த்துக் கட்டாமல் வெயில் பட்டதால் வந்த நிறம் அது, கெட்டுப்போனதல்ல. மஞ்சள் தூள் போடும் கூட்டில் அதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

இனி நம் பக்கத்துக் குறை. பல வீடுகளில் காலிஃபிளவரை ஒதுக்குவதற்கு முதல் காரணம் மருந்துப் பயம். அது வீண் பயம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் முடியுமா? பூ சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று அறுவடைக்கு இரண்டு நாள் முன்பு அடிப்பவர்கள் இருக்கிறார்கள். கொதிநீர் புழுவை எடுக்கும். செடிக்குள் ஏறிய மருந்தை எடுக்காது. மஞ்சளுக்கும் அந்தச் சக்தி கிடையாது. வைரமுதுகு அந்துப்பூச்சிக்குக் கடுகைப் பொறிப்பயிராக விதைப்பது, 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் ஆகியவை புதிய யோசனைகள் அல்ல. ரசாயனம் அடித்தே தீர வேண்டிய நிலை வந்தால், டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியாமல் கத்தி வைக்கக் கூடாது. இளம் இலையும் நல்ல கீரைதான். ஆனால் தெளிப்பு அதிகம் தங்குவது இலையில். அதனால் ரசாயனம் அடிக்காத வயலின் இலையை மட்டுமே பொரியலுக்குச் சொல்வேன்.

விரிவாக்கப் பணியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நாற்று, உரம், பூச்சி பற்றிப் பயிற்சி கொடுக்கிறீர்கள். வரத்து கூடும் வாரங்களில், உழவர் சந்தை வாசலில் ஓர் அடுப்பும் வாணலியும் வைக்க மகளிர் குழுவிடம் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு வந்த பூவில் பொரியல், தண்டு சாம்பார் என்று இரண்டே பண்டம். வாங்க வருபவருக்கு ஒரு கரண்டி ருசி காட்டினால் போதும். விற்கிற விவசாயியும் நேற்று மாலை வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதைச் சொல்லி விற்கலாம். காலை ஆறரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால் கூட்டம் வரும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.