புகைப்படத்தில் நனையாத அருவி

சாரல் காலம் தொடங்கிவிட்டால் குற்றாலத்தைப் படம்பிடிக்காத கைப்பேசி இல்லை. அப்படங்களுள் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு வண்ணப் பென்சிலால் அப்படியே வரைவதும் மாணவரிடையே பரவி வருகிறது. அண்மையில் நம் வகுப்பு மாணவி ஒருவர் ஐந்தருவியை அவ்வாறு வரைந்து கொண்டுவந்தார். கட்டம் போட்டு, அளவு பிசகாமல், பல நாள் உழைத்த படம். பார்த்தவர் அனைவரும் “போட்டோ மாதிரியே இருக்கிறது” என்றனர். நாமும் அதையே சொன்னோம். வீடு திரும்பிய பின்னர் அந்தப் பாராட்டு நம்மை உறுத்தத் தொடங்கியது. அருவி மாதிரி இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லையே!

புகைப்படத்தைப் பார்த்து வரைவது குற்றம் என்று வாதிட நாம் வரவில்லை. பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1854ஆம் ஆண்டிலேயே புகைப்படங்களைத் துணைக்கொண்டு கோட்டுருவங்கள் வரைந்தவர்தான். மேலும், சாரலில் தாளை விரித்தால் நனைந்துபோகும்; கூட்டம் நிற்க விடாது. படத்தின் துணை வேண்டியதே. ஆனால் துணையாக வந்தது எசமானாகிவிடலாமா என்பதே நம் கேள்வி.

கேமரா தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நீரின் வெண்மைக்கு ஒளியை அளந்தால் நிழலிலுள்ள பாறை கறுத்துப்போகும். பாறைக்கு அளந்தால் நீர் வெளுத்து, அதன் புரிகள் மறைந்துவிடும். விரைந்து எடுத்தால் துளிகள் கண்ணாடிச் சில்லுகளாய் அந்தரத்தில் நிற்கும். மெல்ல எடுத்தால் அருவி பஞ்சாகிவிடும். நம் கண் காண்பது இவ்விரண்டையும் அன்று. அந்த மாணவியின் படத்தில் பாறை முழுவதும் கறுப்புப் பென்சில். அது பாறையின் நிறமன்று, கேமராவின் இயலாமை.

வண்ணப் பென்சிலோ பொறுமை கேட்கும் கருவி. வெளிர் நிறத்தில் தொடங்கி, அடுக்கடுக்காக ஏற்றித்தான் அடர்த்திக்குச் செல்ல வேண்டும். தீட்டிய இடத்தை அழித்தாலும் கறை முழுதும் போகாது. இருட்டின்மேல் வெள்ளைப் பென்சிலைத் தேய்த்தாலும் தாளின் வெண்மை திரும்பாது. ஆகவே அருவியை வரைவதென்பது, எங்கே வரையாமல் விடுவது என்று முதலிலேயே முடிவு செய்வதாகும். அம்முடிவைப் படம் எடுத்துத் தராது. பார்த்தவர்தான் எடுக்க வேண்டும்.

ஓவியர் சில்பி ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகச் சென்று, சிற்பங்களின் முன் அமர்ந்து வரைந்தார். கூத்தபிரானை ஓவிய வடிவிலேயே வழிபடும் சித்திர சபை நம் குற்றாலத்தில் இருக்கிறது. ஐந்து சபைகளுள் ஓவியத்துக்கென்று அமைந்த ஒன்றைப் பெற்ற ஊரில், பார்த்து வரைதல் அருகிப்போவது வருத்தத்துக்குரியது.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்றும் கேட்டுக்கொண்டோம். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைப் பதினைந்து ஆண்டுகளாக உரைநூலைக் கையில் வைத்துக்கொண்டே நடத்தி வந்திருக்கிறோம். தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர். ஒரு வகுப்பைக்கூட அங்கே அழைத்துச் சென்றதில்லை. மாணவிக்குப் புகைப்படம் எப்படியோ, நமக்கு உரைநூல் அப்படி.

அடுத்த வாரம் வகுப்பையே அழைத்துச் சென்றோம். அந்த மாணவி படம் எடுக்கவில்லை. சிறு குறிப்பேட்டில் நிறங்களை மட்டும் எழுதிக்கொண்டார். “ஐயா, பாறையில் கறுப்பே இல்லை. பழுப்பு, பாசிப்பச்சை, ஈரத்தில் கொஞ்சம் ஊதா” என்றார். பிறகு பழைய புகைப்படத்தையும் அக்குறிப்பையும் ஒருங்கே வைத்து மீண்டும் வரைந்தார். அளவு சற்றே பிசகியிருக்கிறது. நீர் விழும் இடம் வெறுந்தாளாகவே நிற்கிறது.

“போட்டோ மாதிரி இல்லையே” என்றார் ஒருவர். ஆம், இல்லை. குறவஞ்சியை இனி நாமும் அருவிக்கரையில்தான் தொடங்குவதாக இருக்கிறோம்.