கேம்ஸ் விளையாடிப் பிழைக்க முடியுமா?

போன பொங்கலுக்குக் கூடலூர் போயிருந்தேன். மாமா வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். பத்தாவது படிக்கும் பையன் அதற்கு உடனே கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று அடம். "பி.ஜி.எம்.ஐ. விளையாடியே பொழச்சுக்குவேங்கிறான். அப்படி ஒரு பொழப்பு இருக்கா மாப்ள?" என்று கேட்டார் மாமா.

இருக்கிறது. ஆனால் பையன் நினைக்கிற மாதிரி இல்லை. இந்தியாவில் பெயர் பெற்ற ஓர் இ-ஸ்போர்ட்ஸ் அணியின் கதையைப் பார்த்தால் புரியும்.

'மோர்ட்டல்' என்ற பெயரில் விளையாடிய நமன் மாதுரும் நண்பர்களும் 2018-ல் தொடங்கிய அணி 'டீம் சோல்'. 2019 மார்ச்சில் ஹைதராபாத்தில் நடந்த பப்ஜி மொபைல் இந்தியா சீரிஸ் போட்டியில் முதலிடம் பிடித்தது. பரிசு 30 லட்சம் ரூபாய். அதே ஆண்டு பெர்லின் நகரில் நடந்த உலக இறுதிப் போட்டிக்கும் போனது. அங்கே கோப்பை கிடைக்கவில்லை.

30 லட்சம் என்றதும் பையன் கண் விரிந்தது. ஒரு சின்னக் கணக்கு போட்டோம். வரி 30 சதவீதம் போனால் மீதி 21 லட்சம். நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்தேகால் லட்சம். நாட்டிலேயே முதலிடம் வந்தவர்களுக்கே இவ்வளவுதான். இரண்டாயிரமாவது இடத்தில் இருப்பவருக்கு?

அடுத்து வந்ததுதான் பெரிய அடி. 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளுக்குத் தடை விதித்தது. 2021 ஜூலையில் தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அதை பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 2022-ல் அதன் புரோ சீரிஸ் போட்டியை டீம் சோல் வென்று, சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் நடந்த போட்டிக்குத் தகுதி பெற்றது. அவர்கள் அங்கே ஆடுவதற்குச் சில நாட்கள் முன்பு, ஜூலை 28-ல், இங்கே பி.ஜி.எம்.ஐ. முடக்கப்பட்டது! 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். கொடி உங்களுடையது, பந்தல் வேறொருவருடையது. பந்தலை அவர் பிரித்தால் திராட்சை எங்கே காய்க்கும்? கிரிக்கெட் யாருடைய சொத்தும் இல்லை. கேம் ஒரு கம்பெனியின் சொத்து.

அப்படியானால் அந்த அணி எப்படிப் பிழைத்தது? 2020-ல் '8பிட்' குழுவுடன் சேர்ந்து 'எஸ்8யுஎல்' என்ற நிறுவனமாகியது. விளையாட்டோடு யூடியூப் வீடியோ, நேரடி ஒளிபரப்பு, விளம்பரம் என்று கிளை விட்டது. 2022-லும் 2023-லும் சர்வதேச இ-ஸ்போர்ட்ஸ் விருதுகளில் சிறந்த கன்டென்ட் குழு விருதைப் பெற்றது. 2025 இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் செஸ்ஸும் சேர்ந்தபோது, நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் நிஹால் சரின் இவர்களுக்காக ஆடினார். அதாவது, ஒரே பந்தலை நம்பாததால் பிழைத்தார்கள்.

என் கருத்து இதுதான். கேம்ஸ் கூடாது என்று கம்ப்யூட்டரைப் பூட்டி வைக்காதீர்கள். அதை நம்பிப் படிப்பையும் விடாதீர்கள். பி.ஜி.எம்.ஐ. போட்டிகள் மொபைலில்தான் நடக்கின்றன. கிராபிக்ஸ் கார்டு அதற்கு உதவாது. ஆனால் ஓர் அணிக்குப் பின்னால் வீடியோ எடிட்டர், டிசைனர், வர்ணனையாளர், ஒளிபரப்பைக் கவனிப்பவர் என்று பலர் வேலை செய்கிறார்கள். இவற்றில் பலவற்றை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கற்கலாம். நேரடி ஒளிபரப்புக்கான ஓ.பி.எஸ். ஸ்டூடியோ இலவசமாகவே கிடைக்கிறது.

ஓர் எச்சரிக்கை. பணம் கட்டி விளையாடினால் பணம் ஜெயிக்கலாம் என்று அழைக்கும் செயலிகள் இ-ஸ்போர்ட்ஸ் அல்ல. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் இரண்டையும் பிரித்து, இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரித்து, பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்கிறது. பிள்ளைகள் எதில் இருக்கிறார்கள் என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.

மாமா கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தரவில்லை. பையன் இப்போது தன் ஆட்டத்தைத் தானே எடிட் செய்து எனக்கு அனுப்புகிறான். எடிட்டிங் ஆட்டத்தைவிட நன்றாகவே இருக்கிறது!