பாலை நடையும் பிஞ்சுக் காலும்

பாலை என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் வெம்மையும் பிரிவுமே தோன்றும். காதலனுடன் சென்ற மகளின் மெல்லடி அவ்வழியின் வெப்பத்தை எங்ஙனம் பொறுக்குமோ என்று தாய் கலங்குவதைச் சங்கப் பாடல்கள் பல காட்டுகின்றன. அத்தகைய நிலத்திற்குச் சிறு குழந்தைகளை விடுமுறை நாளில் நடக்க அழைத்துச் செல்வோரும் உலகில் உளர். வட அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து டூசான் நகரின் கிழக்கிலும் மேற்கிலும் சொனோரப் பாலை பரந்து கிடக்கிறது. அதன் கிழக்குப் பகுதி 1933-இலும் மேற்குப் பகுதி 1961-இலும் தேசிய நினைவிடமாகக் காக்கப்பெற்றன. இரண்டும் சேர்ந்து 1994-இல் சகுவாரோ தேசியப் பூங்கா என்னும் பெயர் பெற்றன. குளிர்கால விடுமுறை நாட்களில் அங்கே குடும்பம் குடும்பமாக மக்கள் நடந்து செல்வதைக் காணலாம்.

இதனைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பாலை குழந்தைகட்கு உரிய இடமன்று, பூங்காவின் நிழலும் ஊஞ்சலுமே அவர்கட்குப் போதும் என்பர் சிலர். வேறு சிலரோ குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, மலையுச்சியைத் தொட்டாலன்றித் திரும்புவதில்லை என்று புறப்படுகின்றனர். முன்னவர் குழந்தையின் ஆர்வத்தை அறியார். பின்னவர் அதன் ஆற்றலை அறியார். குழந்தையைப் பாலைக்கு அழைத்துச் செல்லுதல் நன்றே. ஆனால் அந்த நாளின் அளவுகோல் குழந்தையின் அடியாக இருத்தல் வேண்டும். தந்தையின் அடியாக இருத்தல் ஆகாது.

மணல் மேடுகளே பாலை என்று எண்ணி அங்கே செல்வோர் ஏமாற்றம் அடைவர். சொனோரப் பாலை உயிர் நிறைந்தது. ஆண்டில் ஏறத்தாழ 12 அங்குலமே மழை பெய்யினும், அம்மழை குளிர்காலத்திலும் கோடையிலுமாக இருமுறை வருவதால் மரமும் செடியும் செழிக்கின்றன. நம் ஊர் வேலியோரங்களில் வளரும் சப்பாத்திக் கள்ளியின் தாயகம் அமெரிக்கக் கண்டமே. அதன் இனத்தனவாகிய கள்ளிகள் அங்கே பலவாக உள்ளன. அவற்றுள் தலைமை வாய்ந்தது சகுவாரோ. நாற்பது அடிக்கு மேலும் உயரும் இக்கள்ளி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது. மழை பெய்தால் இதன் மடிப்புகள் விரிந்து நீரைத் தேக்கிக்கொள்ளும். வறட்சியில் மீண்டும் சுருங்கும். ஆனால் இதன் இளமைதான் வியப்பிற்குரியது. முளைத்து எட்டு ஆண்டுகள் ஆகியும் இது ஓரிரண்டு அங்குலமே வளர்ந்திருக்கும். வெயிலுக்கும் குளிருக்கும் அஞ்சி, ஒரு மரத்தின் நிழலில், தாயின் முந்தானையைப் பற்றிய குழந்தைபோல ஒதுங்கி நிற்கும். நெடிய கள்ளிகளை நிமிர்ந்து நோக்கிச் செல்லும் பெரியோர் கண்ணில் இச்சிறு கன்று படுவதேயில்லை. குனிந்து நடக்கும் எட்டு வயதுச் சிறுவனே அதனைக் காண்கிறான். தன் வயதினதாகிய அதன் உயரம் தன் கட்டைவிரல் அளவே என்று கேட்டவுடன் அவன் அடையும் வியப்பை எந்த மலையுச்சி தரும்?

குழந்தையின் கண் நிலத்திற்கு அண்மையில் உளது. ஆதலின் எறும்பின் வரிசை, பல்லியின் தடம், எலியின் வளை ஆகியவை அதற்கு உலகமாகின்றன. நீரே அருந்தாமல், தான் தின்னும் விதைகளினின்றே வேண்டிய ஈரத்தைப் பெற்று வாழும் கங்காரு எலி அப்பாலையில் உண்டு. மரங்கொத்தி சகுவாரோவின் உடலைக் குடைந்து கூடு செய்கிறது. கள்ளியோ அக்காயத்தைச் சுற்றி வன்மையான ஓடு ஒன்றை வளர்த்துத் தன் நீரைக் காத்துக்கொள்கிறது. மரங்கொத்தி விட்டுச் சென்ற பொந்தில், வெப்பம் மிகும் பருவத்தில், குருவியளவே உள்ள ஆந்தை குடிபுகுகிறது. ஒரு பொந்தின் கீழ் நின்று, ‘இது யார் வீடு?’ என்று கேட்கும் குழந்தைக்கு விடை கூறவே கால்மணி நேரம் ஆகும். மேற்குப் பகுதியிலுள்ள சிக்னல் குன்றில், பல நூற்றாண்டுகட்கு முன் வாழ்ந்த ஹோஹோகம் மக்கள் பாறையில் செதுக்கிய சுருள்களும் உருவங்களும் உள்ளன. அங்கே செல்லும் வழி அரைமைலுக்கும் குறைவானதே. சிறுவர் அதனைக் கடக்க ஒரு காலைப்பொழுது ஆயினும் அது வீண்பொழுது அன்று.

எனினும் பாலை அன்பு மட்டும் உடையதன்று. கோடையில் அங்கே வெப்பம் நாற்பது பாகை செல்சியசைக் கடப்பது உண்டு. குழந்தையின் உடல் பெரியோர் உடலினும் விரைவில் சூடேறும். விளையாட்டில் மூழ்கிய குழந்தை தாகத்தையும் சொல்லாது. ஆதலின் கேட்கும்வரை காத்திராமல் நீர் கொடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். முதுகில் சுமக்கப்படும் குழந்தையின் நிலையோ வேறு. நடப்பவருக்கு உடல் வெதும்புகிறது. அசையாது அமர்ந்த குழந்தை காலைக் குளிரில் நடுங்குகிறது. தமக்கு வியர்த்தது கண்டு குழந்தையின் மேலாடையைக் களைவோர் இதனைச் சிந்திப்பதில்லை. மணல் பரந்த வறண்ட ஓடைகள் விளையாட ஏற்றனவாகத் தோன்றும். ஆயினும் தொலைவிலுள்ள மலையில் பெய்த மழை, வானம் வெளுத்த இடத்திலும் திடீர் வெள்ளமாகப் பாயக்கூடும். தாவும் கள்ளி என்று மக்கள் பெயரிட்ட ஒரு வகை உண்டு. உண்மையில் அது தாவுவதில்லை; சிறிது உரசினும் அதன் துண்டு ஒடிந்து ஆடையிலோ தோலிலோ ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கப் புகுந்தால் கையிலும் தைக்கும். பழகியோர் பையில் ஒரு தலைசீப்பை வைத்திருப்பர். அதன் பற்களைத் துண்டின் அடியில் செலுத்தி ஒரே வீச்சில் எறிந்துவிடுவர். விலையுயர்ந்த காலணிகளினும் இவ்வெளிய சீப்பு மிகுந்த பயன் தருவதாம்!

கொண்டுசென்ற நீரில் பாதி தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும் என்பது அங்கு வழங்கும் நெறி. இதனைக் கேட்போர் பலர்; கடைப்பிடிப்போர் சிலர். ‘உச்சி இதோ தெரிகிறதே, இன்னும் சிறிது தொலைவுதானே’ என்னும் சொல்லே பாலையில் பெருந்தீங்கு விளைப்பது. குழந்தை சோர்ந்து அமர்ந்தபின் அதனைச் சுமந்துகொண்டு, நண்பகல் வெயிலில், வந்த வழியெல்லாம் மீள வேண்டியவர் பெற்றோரே அன்றோ? அந்நிலத்தின் தொல்குடியினராகிய தொகோனோ ஓதம் மக்களின் பெயருக்குப் பாலை மக்கள் என்பதே பொருள். சகுவாரோ கனியும் சூன், சூலைத் திங்கள்களில், அக்கள்ளியின் உலர்ந்த விலாக்கோல்களை நீளமாகக் கட்டி, அவற்றால் பழம் உதிர்க்கக் குடும்பத்தோடு செல்வது அவர்தம் மரபு. அவர்களும் வெயில் ஏறுமுன் தொடங்குகின்றனர். வழிவழியாகப் பாலையில் வாழ்ந்தவரே வெயிலுக்கு வழிவிடும்போது, ஒருநாள் விருந்தினர் பிடிவாதம் கொள்ளுதல் எவ்வகையிலும் பொருந்தாது.

திரும்பும் வழியில் மற்றொரு வழக்கு எழும். குழந்தையின் சட்டைப்பையில் கூழாங்கற்கள் நிறைந்திருக்கும். தேசியப் பூங்காவினின்று ஒரு கல்லையும் எடுத்துச் செல்லுதல் கூடாது என்பது சட்டம். குழந்தை அழும். அழுகைக்கு இரங்கி, ஒன்றே ஒன்றை மட்டும் ஒளித்துவைக்க இசையும் பெற்றோர் பலர். அவர்கள் அதே மாநிலத்திலுள்ள கல்மரக் காட்டுத் தேசியப் பூங்காவைச் சென்று காணலாம். அங்கிருந்து கல்லாய்ச் சமைந்த மரத்துண்டுகளை எடுத்துச் சென்றோர் பலர், பின்னர் மனம் வருந்தி, மன்னிப்புக் கடிதத்துடன் அவற்றை அஞ்சலில் திருப்பி அனுப்பியுள்ளனர். எவ்விடத்தினின்று எடுக்கப்பட்டவை என்பது தெரியாமையால் அத்துண்டுகளை உரிய இடத்தில் மீண்டும் வைக்க இயலவில்லை. அவை ஓரிடத்தில் குவியலாகக் கொட்டப்பட்டுள்ளன.